பழைய பைக் ரேஸ்: போரிங் போடும் முன் விதிப் புத்தகத்தைப் படிப்பது எப்படி?

சேலத்தில் பழைய ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத் 350 வைத்திருக்கும் தம்பிகள் ரேஸ் ஆசை வந்ததும் நேராக லேத் பட்டறைக்குப் போகிறார்கள். விதிப் புத்தகத்தை ரேஸுக்கு முந்தின நாள், கோவைக்குப் போகும் வேனில்தான் திறக்கிறார்கள். அதிகாரிகள் வண்டியை விதிப்படி சோதிக்கும் ஸ்குரூட்டினியில் நிறுத்தப்பட்ட வண்டிகளுடன் நான் நின்றிருக்கிறேன். அதில் பெரும்பாலானவர்களுக்கு ஏமாற்றும் எண்ணமே கிடையாது. வேலையின் வரிசை மாறிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறோம், அந்தப் பிரிவு இன்ஜினில் எதைத் தொட விடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இரும்பைச் செதுக்கி எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்சி புக், இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் தெளிவாகத் தெரியும் புகைப்படம், வண்டியின் சர்வீஸ் மேனுவல், வெர்னியர், சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரை, அளக்கும் போர் கேஜ் (இல்லாவிட்டால் அதை வைத்திருக்கும் பட்டறை), கிராங்க் எத்தனை டிகிரி சுழன்றது என்று காட்டும் ஒரு டிகிரி பிளேட், மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சு, ஒரு நோட்டு. நோட்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் அதிகம் பயன்படுவது அதுதான்.

1. விதிகளை முழுக் கட்டாகச் சேகரியுங்கள்

விதிப் புத்தகம் என்று ஒன்றே ஒன்று இருப்பதில்லை. நம் நாட்டில் மோட்டார் ரேஸை நிர்வகிப்பது எஃப்எம்எஸ்சிஐ. அதன் பொது விதிகள் ஒன்று, தொழில்நுட்ப விதிகள் ஒன்று. அந்தப் போட்டியை நடத்துபவர்கள் வெளியிடும் துணை விதிகள் தனி. கடைசி நேரத்தில் வரும் ஒரு பக்கத் திருத்த அறிவிப்பு இன்னொன்று.

துணை விதிகளின் முதல் பக்கங்களில், முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு பக்கப் படத்தை நம்பி இன்ஜின் கட்டாதீர்கள். அது போன வருடத்துடையதாக இருக்கலாம், அதில் விளக்கப் பகுதியும் இருக்காது.

முழுக் கட்டையும் அச்செடுத்து, வெளியான தேதியை மேலே எழுதி வையுங்கள்.

2. சொல் விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள்

எல்லோரும் தங்கள் சிசி இருக்கும் பக்கத்துக்குத் தாவுகிறார்கள். விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தெரிந்த சொல்தானே என்று நினைத்த இடத்தில்தான் சறுக்கல் நடக்கிறது.

‘ஃப்ரீ’ என்று ஒரு பாகத்தின் பக்கத்தில் போட்டிருந்தால், அந்தப் பாகத்தை விருப்பப்படி மாற்றலாம் என்று பொருள். அந்தப் பாகத்தை மட்டும்தான். ‘ஜெட் ஃப்ரீ’ என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகமான ஜெட்டை மாற்றலாம். கார்புரேட்டரையே மாற்ற அது அனுமதி தராது. ‘ஒரிஜினல்’ என்பது ஒரு புத்தகத்தில் கம்பெனி தயாரித்த அதே பாகத்தைக் குறிக்கும், இன்னொன்றில் அதே அளவும் அதே உலோகமும் இருந்தால் போதும் என்று இருக்கும். ‘பீரியட்’ என்று வந்தால், அந்தக் காலத்திலேயே கிடைத்த, அந்தக் காலத்து ரேஸில் பயன்பட்ட பாகம் என்று பொருள். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

‘மே’ என்றால் செய்யலாம், ‘மஸ்ட்’ அல்லது ‘ஷல்’ என்றால் செய்தே ஆக வேண்டும். போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர் கட்டுவது ‘ஷல்’ என்று இருக்கும்போது, வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் கம்பி இல்லாமல் டிராக்கில் இறங்க முடியாது.

3. புத்தகம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இன்ஜின் விதிகள் இரண்டு வகையாக எழுதப்படுகின்றன. ஒன்றில், அனுமதி என்று எழுதாத எதுவும் தடை. மற்றதில், தடை என்று எழுதாத எதுவும் அனுமதி. ஸ்டாண்டர்ட் வண்டிப் பிரிவுகள் பெரும்பாலும் முதல் வகை, ஓபன் பிரிவுகள் இரண்டாம் வகைப் பக்கம் சாயும். ஒரே புத்தகத்தில் பிரிவுக்குப் பிரிவு இது மாறவும் செய்யும்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பார்க்காமல் விட்டால், மீதிப் புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் தப்பாகத்தான் புரியும். ‘ரீட் வால்வைப் பற்றி எதுவும் சொல்லலையே அண்ணா’ என்று கேட்கிறார்கள். முதல் வகைப் புத்தகத்தில் சொல்லவில்லை என்றால் தொடக்கூடாது என்று பொருள். அந்த வாக்கியம் கிடைத்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

4. வண்டியின் வயதை உறுதி செய்யுங்கள்

பழைய வண்டிப் பிரிவுகளுக்கு ஒரு கடைசி வருடம் இருக்கும். அது எந்த வருடம்? வண்டி தயாரான வருடமா, பதிவான வருடமா, அந்த மாடல் முதலில் வந்த வருடமா? மூன்றும் வேறு வேறு. டிசம்பரில் தயாராகி, ஷோரூமில் நின்று, அடுத்த வருடம் பதிவான வண்டிகள் நிறைய உண்டு. ஆர்சி புக்கில் தயாரித்த மாதமும் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

ராஜ்தூத் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்கார்ட்ஸ் அதை 1983-ல்தான் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் அதன் அடிப்படை, யமஹாவின் 1970-களின் நடுப்பகுதி ஆர்டி 350 பி. ஒரு பிரிவின் எல்லை 1980 என்றால் தயாரிப்பு வருடப்படி அது வெளியே. அமெரிக்கன் ஹிஸ்டாரிக் ரேசிங் மோட்டார்சைக்கிள் அசோசியேஷனின் விதிகளில், எல்லை வருடத்துக்குப் பின்னால் தயாரானாலும் அதே வடிவமைப்பு என்றால் ஏற்கலாம் என்ற கருத்து உண்டு. உங்கள் போட்டியின் விதியிலும் அப்படி ஒரு வரி இருந்தால் ராஜ்தூத் உள்ளே வர வழி இருக்கிறது. இல்லையென்றால் ‘அதே வண்டிதானே’ என்று வாதாடிப் பயனில்லை.

அந்த வழியில் உள்ளே வந்தால் ஒரு பொறுப்பும் சேர்ந்து வரும். எல்லை வருடத்துக்குப் பிறகு வந்த முன்னேற்றமான பாகம் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. வடிவமைப்பை வைத்து அனுமதி கேட்டுவிட்டு, புதுக்காலத்து ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் மாட்டி வந்தால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஃபிரேம் ஒன்றும் இன்ஜின் ஒன்றுமாக மாறிய வண்டிகளையும் இந்தக் கட்டத்திலேயே பிரித்தெடுக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 என்று நினைத்து வாங்கியதில் ஆர்எக்ஸ் 135-ன் சிலிண்டர் பிளாக் உட்கார்ந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் பழகிய கண்ணுக்கே சட்டெனத் தெரியாது. முதலாவது 98 சிசி, இரண்டாவது 132. ஹெட்டைத் திறந்து போரை அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: 50 மிமீயா, 58 மிமீயா.

5. சிசி கணக்கை நீங்களே போடுங்கள்

மிக அதிகம் பேர் விழும் குழி இது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

போரை போரால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) பெருக்கி, 0.7854-ஆல் பெருக்குங்கள். எத்தனை சிலிண்டரோ அந்த எண்ணால் பெருக்குங்கள். மில்லிமீட்டரில் அளந்திருந்தால் கடைசியில் 1000-ஆல் வகுங்கள். வருவதுதான் சிசி. பெட்ரோல் டாங்கில் ஒட்டியிருக்கும் எண் வெறும் பெயர்.

ஆர்எக்ஸ் 100-க்கு போரும் 50, ஸ்ட்ரோக்கும் 50. கணக்கு 98.2 சிசி. தேய்ந்த சிலிண்டரை 0.25 மிமீ பெரிதாகக் குடைந்து முதல் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 99.2. இரண்டாம் ஓவர்சைஸ், அதாவது 50.50 மிமீ போட்டால் 100.15. விதியில் ‘100 சிசி வரை’ என்று மட்டும் இருந்தால், அந்த இரண்டாம் சைஸ் பிஸ்டன் உங்களை வெளியே தள்ளிவிடும். மெக்கானிக் மீது தவறில்லை. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அவர் செய்தது சரியான வேலை.

வேறு சில வண்டிகளில் இடைவெளி இன்னும் குறைவு. ஆர்டி 350-க்கு போர் 64, ஸ்ட்ரோக் 54, இரண்டு சிலிண்டர்: 347.4 சிசி. முதல் ஓவர்சைஸிலேயே 350.2 ஆகிவிடுகிறது. யெஸ்டி 250-க்கு 65, 75: ஏறக்குறைய 249. முதல் ஓவர்சைஸில் 250.8. பழைய புல்லட் 350 கொஞ்சம் தாராளம். 70, 90 என்ற அளவில் 346.4, முதல் சைஸில் 348.8, இரண்டாம் சைஸில்தான் 351.3.

பழைய வண்டிக்கு ஸ்டாண்டர்ட் பிஸ்டன் கிடைப்பதே கஷ்டம் என்பது விதி எழுதுபவர்களுக்கும் தெரியும். அதனால் பல புத்தகங்களில் ‘இத்தனை மிமீ வரை ரீபோர் அனுமதி’ அல்லது ‘இத்தனை சதவீதம் வரை சலுகை’ என்று ஒரு வரி இருக்கும். அது சிசி பட்டியலின் பக்கத்தில் இருக்காது. பிஸ்டன் பற்றிய பத்தியிலோ பொது விதியிலோ ஒளிந்திருக்கும். அந்தச் சலுகை யாருக்கு என்றும் பாருங்கள். தேய்மானத்துக்காகத் தரும் சலுகை போருக்கு மட்டும்தான் பெரும்பாலும் செல்லும். கிராங்க் மாற்றி ஸ்ட்ரோக்கைக் கூட்டினால், சிசி எல்லைக்குள் இருந்தாலும் அது தனிக் குற்றம்.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பியின் வண்டி எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. நல்ல ஓட்டக்காரர். மூன்று மாதம் சேமித்து இன்ஜின் கட்டினார். 50.50 பிஸ்டன். நான்தான் ஹெட் வேலையைப் பார்த்தேன், போரை அளக்கவில்லை. அவர் சொன்னதை நம்பி விட்டேன். அவர் ஓட்டிய பிரிவில் ரீபோர் சலுகை இல்லை. அன்று முதல், யார் என்ன சொன்னாலும் போர் கேஜை விட்டுப் பார்க்காமல் நான் எந்த ஹெட்டையும் மூடுவதில்லை.

அளக்கும் முறை: இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து ஆறு எண்களையும் எழுதுங்கள். மேல் ரிங் ஓடும் இடம் அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால் ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

பிளாக் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருந்தால் சிலிண்டரின் உள் உறையான லைனரைப் புதிதாக இறக்கி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். லைனர் மாற்ற அனுமதி உண்டா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கினால், சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போகும் போர்ட் வாய்கள் பழைய அளவிலேயே திறக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

6. இன்ஜினைப் பாகம் பாகமாக விதியுடன் ஒப்பிடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாகம். காற்று உள்ளே வரும் வழியிலிருந்து புகை வெளியேறும் வழிவரை அதே வரிசையில் போங்கள். எதுவும் விட்டுப்போகாது.

கார்புரேட்டர்: ஆர்எக்ஸ் 100-ல் மிக்குனி விஎம் 20. விதியில் அளவு இருந்தால், எந்த இடத்தில் அளப்பார்கள் என்பதையும் தேடுங்கள். ஸ்லைடு இருக்கும் இடத்திலா, இன்ஜின் பக்க வாயிலா? உள்ளே குடைந்து பெரிதாக்கிய கார்புரேட்டரின் உடம்பில் பழைய எண்தான் இருக்கும். ஆனால் அளப்பவர் எண்ணைப் படிக்க மாட்டார், கேஜை விடுவார். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்?

போர்ட்டுகள்: இங்கே மூன்று சொற்களைப் பிரித்துப் படியுங்கள். மெருகேற்றுவது, உலோகத்தை எடுப்பது, உலோகத்தைச் சேர்ப்பது. ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுத்திருக்கலாம். எபாக்ஸி பூசுவது சேர்ப்பதில் வரும்.

அளவுக் கட்டுப்பாடு மிமீயில் இருக்கிறதா, டிகிரியில் இருக்கிறதா என்பது முக்கியம். பிளாக்குக்கு அடியில் தடிமனான கேஸ்கெட் வைத்தால் போர்ட் வாயில் ஒரு கீறல்கூட விழாது. ஆனால் பிளாக் உயர்வதால் எல்லா போர்ட்டும் திறக்கும் நேரம் மாறிவிடும். பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து மிமீயில் அளக்கும் விதியில் அது தெரியாது, டிகிரி பிளேட் வைத்து அளக்கும் விதியில் உடனே தெரியும். கடையில் கிடைத்த கேஸ்கெட்டைப் போட்டுவிட்டு இதை அறியாமலே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் பழைய கேஸ்கெட்டின் தடிமனை எழுதிவைத்துவிட்டுத்தான் அதைத் தூக்கிப்போட வேண்டும்.

ஹெட்: எவ்வளவு லேத்தில் சீவலாம் என்று இருக்கும், அல்லது கம்ப்ரஷன் விகிதம் கொடுத்திருக்கும். விகிதம் என்றால் ஒரு குழப்பம் வரும். ஜப்பானியக் கம்பெனிகள் டூ ஸ்ட்ரோக்குக்குத் தரும் விகிதம், எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகு உள்ள இடத்தை வைத்துக் கணக்கிட்டது. ஐரோப்பிய வழக்கம் முழு ஸ்ட்ரோக்கையும் கணக்கில் எடுக்கும். அதனால் யமஹா மேனுவலில் உள்ள எண்ணையும் ஜாவா வழி வந்த யெஸ்டியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. விதி எந்த முறையைச் சொல்கிறதோ அந்த முறையில், சிரிஞ்சால் எண்ணெய் ஊற்றி அளந்து கணக்குப் போடுங்கள். 50 மிமீ போரில் அரை மிமீ சீவினால் ஏறக்குறைய ஒரு சிசி இடம் குறையும். எரியும் அறையே சிறியது என்பதால் ஒரு சிசி பெரிய மாற்றம்.

இக்னிஷன்: பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் போட அனுமதி உண்டா என்று பாருங்கள். சில பிரிவுகளில் உண்டு, சிலவற்றில் வெளியே தெரியும் அமைப்பு பழையபடியே இருக்க வேண்டும்.

சைலன்சர்: வடிவம் ஃப்ரீ என்று இருந்தாலும் சத்தத்துக்கு ஒரு அளவு, பின் டயரைத் தாண்டி நீளக் கூடாது என்பதுபோல ஒரு கட்டுப்பாடு வேறு பக்கத்தில் இருக்கும். பாதுகாப்பு விதிகள் எல்லாப் பிரிவுக்கும் பொது.

7. சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள்

‘போன தடவை இதே மாதிரி வண்டியை விட்டாங்க’ என்பது பதில் ஆகாது. போன தடவை யாரும் திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மின்னஞ்சலில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விதி எண்ணைக் குறிப்பிடுங்கள், உங்கள் அளவைக் கொடுங்கள், ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வடிவில் முடியுங்கள். ‘என் வண்டி ஓகேவா?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘இன்ன விதிப்படி, 50.50 மிமீ போர் உள்ள ஆர்எக்ஸ் 100 இந்தப் பிரிவில் ஏற்கப்படுமா?’ என்றால் பதில் வரும். வந்த பதிலை அச்செடுத்து விதிக் கட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பாகத்தைத் தொடாதீர்கள். காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் பிளாக் இன்னொன்று தேடுவது அதைவிடக் கஷ்டம்.

8. இப்போது பட்டறைக்குப் போங்கள்

வேண்டிய இறுதி அளவை எழுதிக் கொடுங்கள். ‘செகண்ட் சைஸ் போட்டுடுங்க’ என்று வாயால் சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் அங்கேயே அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். ஹெட் மூடும் முன் பிளாக், போர்ட், பிஸ்டன் மூன்றையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

ஹெட் போல்ட்டிலும் டிரெயின் போல்ட்டிலும் சிறு துளை போட்டுவிடுங்கள். லாக் வயருக்கும், ஸ்குரூட்டினியில் சீல் வைக்கவும் அது வேண்டும். இன்ஜின் மாட்டிய பிறகு துளை போட முயன்றால் இரும்புத்தூள் உள்ளே போகும்.

9. ட்யூனிங்: ஏற்காடு மலையில் வேண்டாம்

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் இதைத் தனியாகச் சொல்கிறேன். இன்ஜின் கட்டியதும் கோரிமேடு தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்க்கத் தோன்றும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். அது பொதுச் சாலை. பேருந்தும் குழந்தைகளுடன் வரும் குடும்பங்களும் எதிரே வருவார்கள். தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கும் எதிரானது. வண்டியை டிரெய்லரிலோ டாடா ஏஸிலோ ஏற்றிக் கொண்டுபோங்கள்.

மற்ற காரணம் காற்று. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சரியாக இழுக்கும் ஜெட், கீழே கோவை டிராக்கின் அடர்த்தியான காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் லீன் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓட்டப்போகும் உயரத்திலேயே, பெரிய ஜெட்டில் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

பெட்ரோல் விதியையும் இங்கே பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ஜெட்டிங்கை இன்னும் கொஞ்சம் லீன் ஆக்கும். விதியில் ‘ஆல்கஹால் எரிபொருள் தடை’ என்ற வரி இருந்தால், சாதாரண பங்க் பெட்ரோல் அதில் வராது என்பதை ஏழாம் கட்டத்தில் சொன்னபடி எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. ஸ்குரூட்டினி நாளன்று

விதிக் கட்டு, நோட்டு, படங்கள், ஆர்சி நகல், பதில் மின்னஞ்சல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அதிகாரி கேட்கும் பாகத்துக்கு நேராகப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கேட்காததை விளக்க வேண்டாம்.

ரேஸ் முடிந்து முதல் சில இடங்களில் வந்தால், வண்டியைத் தனி இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பெட்ரோல் குழாயை மூடுவதற்குக்கூடக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேறொருவர் உங்கள் வண்டி மீது புகார் (புரோடெஸ்ட்) கொடுத்தாலும் ஹெட்டைத் திறக்கச் சொல்லலாம். உங்கள் கருவிகளையும், திறந்த பின் மாட்ட ஒரு புது ஹெட் கேஸ்கெட்டையும் ஒரு அடி கேஸ்கெட்டையும் டிராக்குக்கே எடுத்துப் போங்கள். அந்த அடி கேஸ்கெட்டின் தடிமன் நோட்டில் எழுதிய அதே அளவாக இருக்கட்டும். மறுநாள் இரண்டாவது ரேஸ் இருந்தால், அன்று இரவே அதை மாட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.